பயம் வராத முகம்

உமாராணி டீச்சர் கரும்பலகையில் மாம்பழம் வரைந்தால் அதில் ஈ வந்து உட்காரும் என்று தென்காசியில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். கேலி பாதி, மெய் பாதி. எதை முன்னால் வைத்தாலும் அப்படியே தாளில் இறக்கிவிடும் கை அவளுக்கு. சிவகிரியில் பிறந்து வளர்ந்தவள். மளிகைக்கடைக் காலண்டரில் இருந்த முருகனைப் பத்து வயதிலேயே மயிலிறகின் கண் முதற்கொண்டு வரைந்துகாட்டி வீட்டில் எல்லோர் வாயையும் அடைத்தவள். ஓவியப் பயிற்சி படித்த காலத்தில் குற்றாலத்துச் சித்திர சபையில் போய் உட்கார்ந்து சுவரோவியங்களைப் பார்த்துப் பார்த்து வரைவாள். சீசனுக்கு வந்தவர்கள் அருவியில் குளித்த ஈரத்தலையோடு எட்டிப் பார்த்து, "போட்டோ மாதிரியே இருக்கே" என்பார்கள். அவளுக்கு அது போதும். அன்றைக்குச் சாப்பாடு இரண்டு கரண்டி கூடுதலாக இறங்கும்.

பகுதி நேர ஓவிய ஆசிரியை. வாரத்தில் பாதி நாள் வேலை, வருடம் முழுக்க நிரந்தரமாக்கக் கோரும் மனு. அதைப் பற்றி அவளைப் பேச விட்டால் பொழுது சாய்ந்துவிடும், வேண்டாம். வகுப்பில் அவள் கண்டிப்பானவள். நெற்றிக்கு ஒரு பங்கு, மூக்குக்கு ஒரு பங்கு, மூக்கின் அடியிலிருந்து தாடை வரைக்கும் ஒரு பங்கு. இரண்டு கண்ணுக்கும் நடுவில் இன்னொரு கண் வைக்க இடம். இந்தக் கணக்கில் ஒரு நூல் பிசகினாலும் ரப்பரை எடுத்துவிடுவாள். அப்படி அவள் திருத்திக் கொடுத்த முகங்கள் எல்லாம் கடைசியில் ஒரே முகமாகத்தான் இருந்தன. அதை யாரும் கவனித்ததில்லை. அவளும்தான்.

ஆசிரியர் தேர்வுக்கு அரசாங்கம் அழைக்கும்போதெல்லாம் உமாராணி கைடு ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வாள். அதில் நவீன ஓவியம் என்று ஒரு பாடம். ஆப்பிரிக்க முகமூடிகளின் தாக்கம் பெற்ற ஐரோப்பிய ஓவியர்கள் யாவர்? பிக்காசோ, மாட்டிஸ், மோதிலியானி. எந்த ஆண்டு? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு. ஒரு மார்க். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். படித்தவர்களுக்கு இப்படி ஒரு வசதி உண்டு. விடை தெரிந்தால் போதும், விஷயம் தெரியவேண்டியதில்லை.

அவள் வீட்டுக்காரர் சுந்தரபாண்டியன் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐ.நா. அமைதிப் படையோடு காங்கோ நாட்டுக்குப் போய், நீலத் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு வருடம் காவல் காத்துவிட்டு வந்தார். திரும்பி வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும் எதிர்பார்த்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கம்பளியைப் பிரித்தார். உள்ளே ஒரு மரமுகம்.

முழ நீளம் இருந்தது. கறுத்த மரம். நெற்றி உப்பி, மூக்கு அரிவாள்மணை போல நேரே இறங்கி, கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கீறல் மட்டும். கன்னத்தில் சரம் சரமாகக் கோடு. வாய் ஒரு பக்கம் ஏறிக் குவிந்திருந்தது. உமாராணி அதை உடனே அளந்துவிட்டாள், கண்ணாலேயே.

"யாருங்க செஞ்சது? அளவு பிடிக்கவே தெரியல. பத்துக்கு ரெண்டு மார்க்குதான் போடலாம்."

ரெண்டு மார்க் முகம்தான். ஆனால் அது இருந்த அறையில் அவள் படுக்க மாட்டேன் என்றாள். பீரோவுக்குள் வைத்தால் பீரோவைத் திறக்க மாட்டேன் என்றாள். அந்தச் சமயத்தில்தான் மேலகரத்தில் அவர்கள் வீடு கட்ட ஆரம்பித்தார்கள். வீடு கட்டுகிறவர்கள் திருஷ்டிக்குப் பூசணிக்காயில் முட்டைக் கண்ணும் முறுக்கு மீசையும் வரைந்து முன்னால் தொங்கவிடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. "இதக் கொண்டுபோயி அங்கன கட்டுங்க. திருஷ்டிக்காவது ஆகட்டும்" என்று உமாராணி தீர்ப்புச் சொன்னாள். காங்கோ நாட்டு முகம் மேலகரத்தில், சாரம் கட்டிய கம்பில், கொச்சக்கயிற்றில் தொங்கியது. குற்றாலத்துக்குப் போகிற வேன்கள் அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போயின. கொத்தனார் ஏசுதாசன் மட்டும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூச்சு வேலை பார்க்க மாட்டார். கேட்டால், வெளிச்சம் இந்தப் பக்கம்தான் நல்லா விழுது என்பார்.

பழைய குற்றாலம் போகிற பாதையில், தென்னந்தோப்புக்கு நடுவில், சுந்தரபாண்டியன் வகையறாவுக்குப் பேச்சியம்மன் கோயில் ஒன்று உண்டு. தோளில் ஒரு பிள்ளையைச் சாய்த்துக்கொண்டு, வலது கையில் அரிவாளை ஓங்கிக்கொண்டு நிற்கிற பேச்சி. கருவுற்ற பெண்களுக்கும் பச்சைப் பிள்ளைகளுக்கும் அவள்தான் காவல். போன வருடத்து மழையில் ஒரு தென்னை சாய்ந்து, அந்தச் சுதைச் சிலையின் முகமும் மார்பும் உடைந்துபோயின. வகையறாவே பதறியது. அதிகம் பதறியவள் சுந்தரபாண்டியனின் தங்கை அனுசியா.

அனுசியாவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தவறிவிட்டன. இரண்டாவது, நாள் நெருங்கி வந்த பிறகு. இப்போது மூன்றாவது முறையாக உண்டாகி எட்டாவது மாதம். உண்டான உடனேயே, ஆடி மாதக் கொடைத் திருவிழாவுக்குள் பேச்சியைப் புதிதாக நிறுத்திவிடுகிறேன் என்று அவள் நேர்ந்துகொண்டிருந்தாள். உடம்பை ஏசுதாசன் சிமெண்டில் எழுப்பித் தந்தார். முகத்துக்கு வெளியூரிலிருந்து ஆள் கூப்பிடுவதா என்று பேச்சு வந்தபோது கோயில் பொறுப்பில் இருந்த பால்வண்ணநாதன் மறித்துவிட்டார். அவர் சுந்தரபாண்டியனுக்குச் சித்தப்பா, மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்தவர், கொடையில் பேச்சி அருள் வந்து ஆடுகிற கோமரத்தாடியும் அவரேதான்.

"வீட்டுக்குள்ள டிராயிங் டீச்சர வச்சுக்கிட்டு வெளிய எதுக்குலே ஆளு தேடுதீங்க?" என்றார்.

உமாராணி விரதம் இருந்து வேலையைத் தொடங்கினாள். தகரக் கொட்டகைக்குள் பலகை மேல் நின்று, நூல் பிடித்து, பங்கு பிரித்து, ஈரச் சிமெண்டைக் கரண்டியால் வழித்து வழித்து முகம் எடுத்தாள். நெற்றிக்கு ஒரு பங்கு, மூக்குக்கு ஒரு பங்கு. வில் மாதிரிப் புருவம். எலுமிச்சை நிறம். உதட்டில் லேசாகச் சிரிப்பு. கோரைப்பல் என்று ஒன்று இருந்தாக வேண்டுமே என்பதற்காக ஓரத்தில் முல்லை மொட்டு அளவுக்கு இரண்டு. கருமணி மட்டும் வைக்கவில்லை. அது கொடையன்று காலையில், கண் திறக்கும் நேரத்தில்தான் வைக்கவேண்டும். இறங்கி நின்று பார்த்தாள். ஒரு குறை இல்லை.

கொடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது வகையறா மொத்தமும் பார்க்க வந்தது. கொட்டகையின் படுதாவை விலக்கினார்கள்.

"ஏயப்பா! நகைக்கடை விளம்பரத்துல வார பிள்ள மாதிரில்லா இருக்கா!"

"கன்னத்துல குழி விழுது பாத்தியளா!"

பெண்கள் பேச்சிக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். அரைமணி நேரத்துக்குள் அந்தப் படம் வகையறாவின் வாட்ஸ்அப் குழுவில் சென்னை, திருப்பூர், துபாய் எல்லாம் சுற்றிவிட்டு வந்தது. உமாராணிக்குத் தரையில் கால் பாவவில்லை. யார் யாரோ கை குலுக்கினார்கள். கூட்டம் கலைந்த பிறகுதான், தென்னை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அனுசியா இதுவரை வாயே திறக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

"என்னட்டி, நீ ஒண்ணும் சொல்லலியே?"

"நல்லாத்தான் இருக்கு மதினி. ரொம்ப அழகா இருக்கா."

"அப்புறம் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"கோவப்பட மாட்டீங்கள்லா?"

"சொல்லுட்டி."

அனுசியா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "இவளப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கு மதினி. சின்னப்பிள்ள மாதிரி நிக்குதா. வயித்துல பிள்ள அசையலன்னா நான் இவ மூஞ்சியத்தான நெனச்சுக் கும்பிடணும்? என் பிள்ளைய எடுக்க வாரதுட்ட இவ எப்படி மல்லுக்கட்டுவா? இவளையே வேற யாராவது காப்பாத்தணும் போல இருக்கு."

உமாராணிக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏட்டி, மாசக்கணக்குல கழுத்து ஒடிய நின்னு செஞ்சிருக்கேன். ஊரே நல்லாருக்குங்குது. நீ சாவகாசமா நாற்காலில உக்காந்துகிட்டு குத்தம் சொல்லுதியா?"

அனுசியாவின் கண் நிறைந்தது. உமாராணி பிரஷ்களைக் கழுவாமலே பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. கோபம் அனுசியா மேல் என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் கட்டடத்துக்குத் தண்ணீர் விட மேலகரம் போனாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. சாரல் என்றாலும் உள்சுவருக்குத் தண்ணீர் விட்டுத்தானே ஆகவேண்டும். ஹோஸைக் கையில் பிடித்தபடி வாசலைக் கடக்கும்போது, தினமும் செய்வதைப் போல இடது பக்கமாக ஒதுங்கிப் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். எதற்கு ஒதுங்கினேன்?

தலைக்கு மேலே அந்த மரமுகம் தொங்கியது. மழையிலும் வெயிலிலும் கிடந்து மரம் இன்னும் கறுத்திருந்தது. கண் கீறலின் ஓரத்தில் நீர் கோத்து நின்றது. வீடு கட்டத் தொடங்கிய நாளிலிருந்து, அந்தப் பார்வைக்கு நேரே வந்துவிடாமல் அவள் ஒதுங்கி ஒதுங்கித்தான் போயிருக்கிறாள். கண்ணே இல்லாத முகத்தின் பார்வைக்கு! பத்துக்கு ரெண்டு மார்க் போட்ட முகம் போட்டவளையே ஒதுங்க வைத்திருக்கிறது. பத்துக்குப் பத்து வாங்கிய பேச்சிக்குப் பெண்கள் முதுகைக் காட்டி நின்று பல்லைக் காட்டினார்கள். அனுசியா சொன்னது பொய் இல்லை என்று உமாராணிக்குத் தெரிந்துவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை.

சுந்தரபாண்டியன் பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தார்.

"என்னங்க, இத எதுக்கு வாங்குனீங்க?"

"எத? இதயா? சும்மாதான்."

"சும்மா வாங்குத மூஞ்சியா இது?"

அவர் சிரித்தார். பிறகு டீயை ஊற்றிக்கொண்டே, சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "யார்ட்டயும் சொல்லிராத. முகாமுக்கு வெளிய ரோட்டோரத்துல ஒரு ஆளு கடை போட்டிருந்தான். எக்கச்சக்கமா மூஞ்சி தொங்குச்சு. எல்லாம் எங்கள மாதிரி பட்டாளத்துக்காரன் வாங்கிட்டுப் போகட்டும்னு செஞ்சதுதான். ஆனா இது ஒண்ணு மட்டும் என்னயவே பாத்துச்சு. நவுந்து நின்னேன். அப்பவும் பாத்துச்சு. விட்டுட்டு வந்தா பின்னாலயே வந்துருமோன்னு ஆகிப்போச்சு. அதான் வாங்கிட்டேன்."

"பயந்துபோயா வாங்குனீங்க?"

"ஆமா. தோள்ல துப்பாக்கிய மாட்டிக்கிட்டு, ஒரு மரத்துண்டப் பாத்துப் பயந்தேன்."

அப்போதுதான் அந்த ஒரு மார்க் விடை அவளுக்குள் எங்கோ புரண்டு படுத்தது. ஆப்பிரிக்க முகமூடிகளின் தாக்கம். சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து செல்போனில் பிக்காசோவின் அந்தப் படத்தைத் தேடி எடுத்தாள். கைடில் தபால்தலை அளவுக்குக் கறுப்பு வெள்ளையில் இருந்த படம். இவ்வளவு நாளும் அது மோசமாக வரையப்பட்ட படம் என்பதுதான் அவளுடைய அபிப்பிராயம். விரலால் பெரிதாக்கினாள். ஐந்து பெண்கள் நின்றார்கள். அதில் வலது பக்கத்து இரண்டு பேருக்கும் முகம் மனிதமுகமாக இல்லை. அரிவாள்மணை மூக்கு. கன்னத்தில் சரம் சரமாகக் கோடு. அண்ணாந்து மேலே பார்த்தாள். திரும்பக் குனிந்து செல்போனைப் பார்த்தாள்.

பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தாள். அந்த பிக்காசோவின் அப்பாவும் டிராயிங் மாஸ்டர்தானாம். அதைப் படித்ததும் ஏதோ தூரத்துச் சொந்தக்காரனைக் கண்டுபிடித்தாற்போல இருந்தது. பையனும் சின்ன வயதிலேயே பெரியவர்களைத் தூக்கிச் சாப்பிடும் அளவுக்கு அச்சு அசலாக வரைந்தவன்தான். அப்படிப்பட்டவன் பாரீஸில் ஒரு பழைய அருங்காட்சியகத்துக்குள் போகிறான். தூசியும் நாற்றமுமாக இருக்கிறது. எந்த எந்த நாட்டிலிருந்தோ அள்ளிக்கொண்டு வந்த முகமூடிகள் கிடக்கின்றன. வெளியே போய்விடலாம் என்று தோன்றியும் போகாமல் நின்றுவிட்டதாகப் பின்னால் அவனே சொன்னானாம். இவை அழகுக்குச் செய்தவை அல்ல, மனிதனுக்கும் அவனைப் பயமுறுத்துகிறவற்றுக்கும் நடுவில் நிறுத்திவைக்கச் செய்தவை என்று அன்றைக்கு பிக்காசோவுக்குப் பட்டதாம். சித்திரம் என்பதே அதற்குத்தான் என்று பட்டதாம்.

உமாராணி டீயைக் குடிக்க மறந்துபோனாள். ஒருவன் எங்கோ ஒரு காட்டூரில் உட்கார்ந்து மரத்தைச் செதுக்கினான். அவனுக்குக் கைடு இல்லை, பங்கு பிரிக்கிற நூல் இல்லை. அந்த மரம் கடல் தாண்டிப் போய், ஐரோப்பாவின் நூற்றுக்கணக்கான வருடத்து அளவுகோல்களை முறித்துப் போட்டுவிட்டது. ஆனால் கேள்வித்தாளில் கேட்பது என்ன? பார்த்தவன் பேரைத்தான். செதுக்கியவன் பேரை ஒருத்தரும் கேட்டதில்லை. யாருக்கும் தெரிந்தால்தானே கேட்பதற்கு. கொள்ளையடித்துக்கொண்டு வந்தவன் பேர்கூட எழுதி வைத்திருப்பார்கள்.

அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. தெருவுக்கு ஒரு மாடன், தோப்புக்கு ஒரு பேச்சி நிற்கிற சீமையில் பிறந்துவிட்டு, அவர்களை நிமிர்ந்து பார்க்காமல் காலண்டரைப் பார்த்தே கை பழகிவிட்டது. இதைச் சொல்ல காங்கோவிலிருந்து ஒரு முகம் வரவேண்டியிருந்தது.

பால்வண்ணநாதன் லேசில் சம்மதிக்கவில்லை. "எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்ன பெறகு எதுக்கும்மா உடைக்கணும்? கொடைக்கு இன்னும் எத்தன நாளு இருக்கு? சாரல்ல பெயிண்டு காயுமா?"

"மாமா, ஒண்ணு கேக்குதேன். இவ முன்னால உங்களுக்குச் சாமி வருமா?"

அவர் தோள் துண்டை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். படுதாவுக்கு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டு நிற்கிற பேச்சியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"வரும். வராம என்ன. ஆனா கொஞ்சம் கூச்சமா இருக்கும்மா. வயசுப்பிள்ள முன்னால சட்டையில்லாம ஆடுத மாதிரி."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை. ஏசுதாசனைக் கூப்பிட்டு உளி எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.

மூக்கு, வாய், கண் எல்லாவற்றையும் உமாராணி தன் கையாலேயே கொத்தி எடுத்தாள். ஒவ்வொரு கொத்துக்கும் நெஞ்சு வலித்தது, பொய் சொல்லக்கூடாது. பிறகு பழக்கதோஷம் விடுமா? செல்போனில் எடுத்துவந்த மரமுகத்தின் படத்தைப் பலகையில் சாய்த்துவைத்து, அதே மூக்கு, அதே கீறல் கண் என்று அச்சு அசலாக வைக்கத் தொடங்கினாள். மத்தியானத்துக்குள் பாதி முகம் வந்துவிட்டது. கீழே இறங்கி நின்று பார்த்தாள். பயம் வரவில்லை. வேற்று ஊர்க்காரன் வேட்டியைக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு நிற்பவள் போலப் பேச்சி நின்றாள். காலண்டரை விட்டுவிட்டுக் காங்கோவைக் காப்பியடித்தால் அதுவும் காப்பிதான்.

ஈரம் காய்வதற்குள் அதையும் வழித்துப் போட்டாள். கையில் கரண்டியோடு வெறும் சிமெண்ட் உருண்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பார்த்து வரைய ஒன்றுமே இல்லாமல் அவள் உட்கார்ந்திருந்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அழுகை வந்தது. இந்த மரத்தைச் செதுக்கினவன் எதைப் பார்த்துச் செதுக்கினான்? எதற்குப் பயந்தானோ அதைப் பார்த்துத்தானே? நான் எதற்குப் பயந்தேன்?

தென்காசி ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம் வந்தது. இரண்டாவது பிள்ளையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோன பிறகு அனுசியாவைப் பார்க்க உள்ளே போனவள் உமாராணிதான். கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள் அனுசியா. வாய் அகலத் திறந்திருந்தது. கன்னத்துச் சதை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்திருந்தது. கண் பிதுங்கியிருந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. அந்த வாயிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. உமாராணி அன்றைக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலிலேயே திரும்பிக்கொண்டாள். அதற்கப்புறம் ஒருநாளும் அதை நினைத்ததில்லை. நினைக்க விட்டதில்லை.

இப்போது நினைத்தாள். திரும்பிக்கொள்ளாமல் பார்த்தாள்.

வாயை முதலில் வைத்தாள். பங்கு பிரிக்கவில்லை. முகத்தில் பாதிக்கு மேல் வாய்தான். கன்னத்து இழுப்புகளைக் கரண்டி முனையால் ஆழமாகக் கீறினாள். கண்கள் இரண்டும் ஒரே அளவில் வரவில்லை, அப்படியே விட்டாள். கோரைப்பல்லை விரல் நீளத்துக்கு இறக்கினாள். ஏசுதாசன் சிமெண்ட் குழைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். அடுத்து வந்த நாட்களில், சிமெண்ட் காயக் காயச் செங்காவி நிறம் ஏற்றினாள். கரி ஏற்றினாள். தகரத்தின் மேல் சாரல் அடித்துக்கொண்டே இருந்தது. யாரையும் படுதாவுக்குள் விடவில்லை.

கொடையன்று காலை. நையாண்டி மேளம் தோப்பை உலுக்கியது. கண் திறக்கும்போது சாமியின் முதல் பார்வை மனிதர் மேல் விழக்கூடாது என்பது முறை. அதனால் கூட்டத்தை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, பால்வண்ணநாதன் பேச்சிக்கு நேரே ஒரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். உமாராணி பக்கவாட்டில் பலகை மேல் நின்று பிரஷை மையில் தோய்த்தாள். வலது கருமணியை வைத்தாள். இடது கண்ணுக்குப் போகும்போது அவள் கண் தற்செயலாகக் கண்ணாடியில் விழுந்தது. அங்கே பேச்சி ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரஷ் கையிலிருந்து நழுவப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது மணியையும் வைத்துவிட்டு இறங்கினாள்.

படுதாவை முழுக்க விலக்கினார்கள். குலவை போட வாயெடுத்த பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஒருத்தரும் அழகாக இருக்கிறது என்று சொல்லவில்லை. முன்வரிசையில் செல்போனை உயர்த்தியிருந்த ஒருவன் அதை மெல்லச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். யாரோ பின்னால் ஓடிப்போய்ச் செருப்பைத் தோப்புக்கு வெளியே விட்டுவிட்டு வந்தார்கள்.

அனுசியா முன்னால் வந்தாள். அனுசியா நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். ஒரு அடி பின்னால் வைத்தாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு கிட்டே போனாள். குனிய முடியாமல் பீடத்தைப் பற்றிக்கொண்டாள்.

"விட்ராத ஆத்தா. இந்தத் தடவ விட்ராத."

அப்புறம் அவள் வாய் திறந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வராத சத்தம் இப்போது வந்தது. தோப்பே கேட்க ஓவென்று அழுதாள். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். பால்வண்ணநாதனின் கையிலிருந்த கண்ணாடி ஆடத் தொடங்கியது. யாரோ அதை வாங்கிக்கொண்டார்கள். அவர் துள்ளிக் குதித்துப் பேச்சியாகி நின்றார். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. உமாராணி தரையில் விழுந்து கும்பிட்டாள். கரண்டி பிடித்த கையில் சிமெண்ட் தின்ற புண் இன்னும் ஆறவில்லை. ஆனால் இந்த முகத்தை நான்தான் செய்தேன் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. இவள் எப்போதும் இங்கேதான் நின்றிருந்தாள், நாம்தான் பார்க்கவில்லை என்றுதான் தோன்றியது.

அனுசியாவுக்கு ஆவணிக் கடைசியில் ஆண் குழந்தை பிறந்தது. ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு நாளில், பேச்சியின் முன்னால் கிடத்தி எடுக்கக் கொண்டுவந்தார்கள். பால்வண்ணநாதன் சூடம் காட்டினார். எல்லோரும் கும்பிட்ட கையோடு தலையைக் குனிந்திருந்தார்கள். உமாராணியும் குனிந்துதான் நின்றாள். அந்த முகத்தை நேருக்கு நேர் பார்க்க அவளுக்கு இன்னும் தைரியம் வந்தபாடில்லை.

துணியில் கிடந்த குழந்தை மட்டும் அண்ணாந்து பார்த்தது. பிளந்த வாயை, இழுத்த கன்னத்தை, ஒன்றுக்கொன்று பெரிசும் சிறிசுமான கண்களை இமைக்காமல் பார்த்தது. பிறகு பொக்கை வாயைத் திறந்து பேச்சியைப் பார்த்துச் சிரித்தது.

"ஏ மதினி, இங்க பாருங்க, கொஞ்சங்கூட பயப்படவே மாட்டேங்கான்" என்றாள் அனுசியா.

உமாராணி குனிந்து குழந்தையின் துணியைச் சரிசெய்தாள்.

"அவன் எதுக்குட்டி பயப்படணும்" என்றாள். பேச்சியின் அந்த வாய் யாருடையது என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.